ஸ்டேஷன்லருந்து சிப்காட்டுக்கு ஒரு பஸ் விட்டா என்ன?

போன எபிசோடுக்கு அப்புறம் கும்மிடிப்பூண்டியிலருந்து ஒரு தங்கச்சி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. "அண்ணா, ட்ரெயின் இருக்கு, வேலை இருக்கு. நடுவுல இருக்கிற கொஞ்ச தூரத்துக்குத்தான் தினமும் ஷேர் ஆட்டோவுக்குக் காசு அழறேன். ஸ்டேஷன்லருந்து சிப்காட் உள்ள வரைக்கும் ஒரு பஸ் விட்டா என்ன? அதுல என்ன கஷ்டம்?"

நியாயமான கேள்வி. எனக்கும் பழைய கேள்வி. இன்ஜினியரிங் முடிச்சு சாஃப்ட்வேர் பக்கம் வர்றதுக்கு முன்னாடி, அங்க ஒரு தொழிற்சாலையில எட்டு மாசம் டிரெய்னியா இருந்தேன். பர்மனென்ட் ஆட்களுக்குக் கம்பெனி பஸ் உண்டு. டிரெய்னிக்கும் கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் சொந்தக் கால்தான். அப்போ கவர்ன்மென்ட்டைத் திட்டிக்கிட்டே நடந்தேன். இப்போ உக்காந்து கணக்குப் போட்டுப் பார்த்தா, திட்ட வேண்டிய இடம் கொஞ்சம் வேறயா தெரியுது.

முதல்ல எளிய கணக்கு. இது என் உதாரணம், நிஜ ரூட் இல்ல. ஒரு ரூட்ல பஸ் போயிட்டுத் திரும்பி வர 40 நிமிஷம் ஆகுதுன்னு வைங்க. ரெண்டு பஸ் ஓடுனா 20 நிமிஷத்துக்கு ஒண்ணு வரும். இப்போ சிப்காட் உள்ள ஒரு சுத்து சேர்க்கச் சொல்றோம், 10 நிமிஷம் கூடுது. ஒரு டிரிப் 50 நிமிஷம், அதே ரெண்டு பஸ், அப்போ 25 நிமிஷத்துக்கு ஒண்ணு. நமக்காக நீட்டின ரூட்டுக்கு, நடுவுல காத்திருக்கிற எல்லாரும் விலை கொடுக்கிறாங்க. பழைய 20 நிமிஷமே வேணும்னா இரண்டரை பஸ் வேணும். அரை பஸ் எந்த டெப்போவுலயும் கிடையாது, அதனால மூணாவது பஸ், அதுக்கு டிரைவர், கண்டக்டர். "கொஞ்சம் தள்ளி விட்டா என்ன"ங்கிற கோரிக்கை பல தடவை நிக்கிறது இந்த இடத்துலதான்.

ஆனா சிப்காட்டுக்கு இந்தக் கணக்கு முழுசா பொருந்தாது. 20 நிமிஷத்துக்கு ஒண்ணுங்கிறது எப்ப வேணா வர்ற ஜனங்களுக்கு. ஷிப்ட் ஆளுங்க அப்படி வர்றதில்ல. ஒரே ட்ரெயின்ல மொத்தமா இறங்குவாங்க. அடுத்த ட்ரெயின் வரைக்கும் பஸ் காலியாதான் ஓடும். நமக்கு வேண்டியது அடிக்கடி வர்ற பஸ் இல்ல. சரியா அந்த நேரத்துல நிக்கிற பஸ்.

இதுல ஒரு நல்ல விஷயம் இருக்கு. சாதாரண ரூட்ல காலையில போற பஸ் நிரம்பி வழியும், திரும்பறப்போ காத்தாடும். ஷிப்ட் மாறும்போது அப்படி இல்ல. மதியம் 2 மணி ஷிப்ட்டுக்கு ஆளை இறக்கிட்டு, காலை ஷிப்ட் முடிச்சவங்களை ஏத்திக்கிட்டு வரலாம். ரெண்டு பக்கமும் ஃபுல். டிரான்ஸ்போர்ட் ஆளுங்களுக்கு இதைவிட நல்ல ரூட் கிடைக்குமா?

சிக்கல் நடுவுல இருக்கு. உள்ள போறவங்க 1:40க்கு இறங்கணும். வெளிய வர்றவங்க பஞ்ச் பண்ணி, கேட்ல செக்கிங் முடிச்சு ஏற 2:15 ஆகும். அந்த 35 நிமிஷம் பஸ் கேட் வாசல்ல சும்மா நிக்கணும். ஒரு பஸ் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுச்சுன்னு பார்த்து மதிப்பெண் போடுற அமைப்புல, நிக்கிற பஸ் ஒரு குத்தம். அதனால அது நிக்காது, திரும்பிடும். நம்மாளு வெளிய வரும்போது ஷேர் ஆட்டோதான் இருக்கும். என்னைக் கேட்டா, பஸ் பத்தாதுங்கிறதைவிட, காத்திருக்கிற நேரத்துக்கு யார் காசு கொடுக்கிறதுங்கிறதுதான் இங்க பெரிய கேள்வி. அந்த நேரத்துல லாபம் பார்க்கிற கம்பெனிகள் சேர்ந்து ஏத்துக்கலாம்னு எனக்குத் தோணும். நான் இருந்த எட்டு மாசத்துல அப்படி ஒரு பேச்சு என் காதுல விழல.

அடுத்தது ஸ்டாப்பிங். ஜிஎன்டி ரோடு, அதாவது இப்போதைய தேசிய நெடுஞ்சாலை 16, சென்னையிலருந்து கொல்கத்தா போற ரோடு. இந்திய சாலைக் காங்கிரஸோட நெடுஞ்சாலை வழிகாட்டுதல்படி பெரிய சந்திப்பிலருந்து பஸ் நிறுத்தம் 300 மீட்டராவது தள்ளி இருக்கிறது நல்லது, சின்ன கிராமச் சாலைன்னா 60 மீட்டர் போதும். காரணம் சரிதான், லாரி திரும்புற வாயில பஸ் நின்னா ஆபத்து. ஆனா கேட்டுக்குப் போற ரோடு சந்திப்புலதானே பிரியுது? ஜனம் அங்கதான் நிக்குது. டிரைவரும் பாவம் பார்த்து அங்கயே நிறுத்துறாரு, அதுவும் ஓடுற லேன்லயே. நிழற்குடை 300 மீட்டர் தள்ளி வெயில் காயும். போகும்போது இந்தப் பக்கம் இறங்கினா, வரும்போது அந்தப் பக்கம் ஏறணும். ஒரு நாள்ல ஒரு தடவையாவது ஹைவேயைக் கடந்தே ஆகணும்.

ஸ்டாப்பிங்கைக் குறைச்சா பஸ் வேகமா போகும்னு சொல்றவங்களும் இருக்காங்க. தப்பில்ல. ஒரு ஸ்டாப்பிங்குக்கு அரை நிமிஷம்னு வச்சா, நாலைக் குறைச்சா ரெண்டு நிமிஷம் மிச்சம். ஆனா ஒருத்தர் 400 மீட்டர் கூடுதலா நடக்கணும்னா அது 5 நிமிஷம். அதுவும் பகல் கணக்கு. ராத்திரி 10 மணிக்கு ஷிப்ட் முடிஞ்சு, வரிசையா நிக்கிற லாரிகளுக்கு நடுவுல ஒரு பொண்ணு தனியா நடக்கிற 400 மீட்டரை நிமிஷத்துல அளக்க முடியாது. நம்மாளுங்க நிறைய இருக்கிற டொராண்டோவுல 1991லயே இதுக்கு ஒரு வழி பண்ணாங்க. ராத்திரியில தனியா வர்ற பெண்கள் கேட்டா, ரெண்டு ஸ்டாப்பிங்குக்கு நடுவுலயும் டிரைவர் நிறுத்தணும். அப்புறம் அதை எல்லாருக்கும் ஆக்கிட்டாங்க. புது பஸ் வாங்கல, புது ரோடு போடல.

இப்போ மினி பஸ்ஸுக்கு வர்றேன், ஏன்னா நடைமுறையில கைக்கு எட்டுற வழி அதுதான். 1997ல தொடங்கின திட்டத்தைப் புதுப்பிச்சு, 2025 ஜூன் மாசம் தஞ்சாவூர்ல முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வச்சாரு. ஒரு ரூட் அதிகபட்சம் 25 கிலோமீட்டர். அதுல 65 சதவீதமாவது பஸ்ஸே போகாத ரோடா இருக்கணும். பெரிய பஸ்ஸோட போட்டி போடக்கூடாதுங்கிறதுக்காக வச்ச விதி.

இதைக் கும்மிடிப்பூண்டியில போட்டுப் பாருங்க. ஏற்கனவே பஸ் ஓடுற ரோட்டுல 3 கிலோமீட்டர் போக வேண்டியிருந்தா, மொத்த ரூட் எட்டரை கிலோமீட்டருக்கு மேல இருந்தாகணும். மீதி அஞ்சரைக்கு மேல பஸ் போகாத ரோடு. சிப்காட் உள் ரோடு மட்டும் அதுக்குப் பத்தலைன்னா, பக்கத்து கிராமங்களைக் கோர்த்துத்தான் ரூட் போடணும். கிராமத்துக்கு பஸ் வருது, சந்தோஷம். ஆனா சுத்திப் போற பஸ் ஷிப்ட்டுக்கு நேரத்துல போய்ச் சேருமாங்கிறது வேற விஷயம். இன்னொண்ணும் சொல்லணும்: 2021 மே மாசத்துலருந்து சாதாரண கட்டண அரசு டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்ல. மினி பஸ் தனியாருது, அந்தச் சலுகை அதுல கிடையாது. வாய்ஸ் நோட் அனுப்பின தங்கச்சிக்கு ஆட்டோ காசு குறையும், ஆனா பூஜ்யம் ஆகாது. அதனால கேட்கிறதுன்னா முதல்ல டவுன் பஸ்ஸைக் கேளுங்க, ரெண்டாவதா மினி பஸ்ஸை.

யார்கிட்ட கேட்கிறது? மினி பஸ் பெர்மிட் மாவட்ட ஆட்சியர் பக்கம் வருது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துல மனு கொடுக்கலாம், திருவள்ளூர்ல. ட்ரெயின்லயே போகணும்னா கும்மிடிப்பூண்டியிலருந்து பேசின் பிரிட்ஜ் வரைக்கும் சென்னைக்குள்ள வந்து, வேற லைன் மாறி, மறுபடி வெளிய போகணும். சொந்த மாவட்டத் தலைநகரத்துக்குப் பக்கத்து நகரம் வழியா போற ஊர் நம்ம ஊர்.

மனுவுல "பஸ் வசதி வேண்டும்"னு மட்டும் எழுதாதீங்க. எந்த ட்ரெயின் எத்தனை மணிக்கு வருது, அதுல எத்தனை பேர் இறங்குறீங்க, எந்த கேட், ஷிப்ட் எப்போ முடியுது, பஸ் எத்தனை நிமிஷம் நிக்கணும்னு ஒரு பக்கத்துல எழுதுங்க. ஒரு வாரம் ஸ்டேஷன் வாசல்ல நின்னு ரெண்டு பேர் தலை எண்ணினாப் போதும். எண்ணி முடிச்சதும் அந்தத் தாளை எனக்கும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. டைம் டேபிள் நான் போட்டுத் தர்றேன்.