பெயர் எழுதாத பேரேடுகள்

அடிமை வணிகம் என்றதும் சங்கிலியும் சவுக்கும்தான் நம் கண்முன் வருகின்றன. ஆனால் அந்த வணிகத்தைத் தாங்கி நின்றவை காகிதமும் மையும். வாங்கினால் பத்திரம், கப்பலில் ஏற்றினால் பட்டியல், கடலில் இறந்தால் ஈடு கேட்கக் காப்பீடு, தப்பி ஓடினால் பத்திரிகையில் விளம்பரம். அமெரிக்காவில் 1850, 1860 ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை போட்டார்கள். அதில் எசமானரின் பெயர் இருக்கும். அடிமையின் வயதும் பாலும் நிறமும் இருக்கும். அடிமையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. மறுபுறம், எழுத்து அவர்கள் கைக்குப் போய்விடாமலும் பார்த்துக்கொண்டார்கள். அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் 100 பவுண்டு அபராதம் என்றது தென் கரோலினாவின் 1740-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனாலும் 1756-இல் தொடங்கிய நியூ ஹாம்ப்ஷயர் கெஸட் பத்திரிகையின் அச்சுப்பொறியில் உழைத்தவர் பிரைமஸ் என்ற அடிமை. அவரைப் போன்றவர்களை விற்கும் விளம்பரங்களும் அந்தப் பொறியில்தான் அச்சாயின.

ஆகவே, இந்த வரலாற்றைச் சொல்ல இன்றைய கலைஞர்கள் சிலர் புத்தகத்தையே கலைப்படைப்பாகச் செய்வதைப் புதுமை மோகம் என்று தள்ளிவிட முடியாது. குற்றத்துக்குத் துணைபோன கருவியையே அவர்கள் சாட்சிக்கூண்டில் ஏற்றுகிறார்கள். மோரீன் கம்மின்ஸ் 2003-இல் உருவாக்கிய புத்தகம், ரிச்மண்ட் நகரின் அடிமைத் தரகர்களுக்கு வந்த வணிகக் கடிதங்களிலிருந்து பிறந்தது. ஆள் விலையும் சந்தை நிலவரமும் பேசும் அந்தக் கடிதங்களில் வெறியோ கோபமோ தேவைப்படவில்லை. சரக்கு பேசும் நிதானமே போதுமாயிருந்தது. காரா வாக்கர் 1997-இல் செய்த புத்தகம் வேறு வழியில் போகிறது. விடுதலை பெற்ற ஒரு கறுப்பினப் பெண்ணைப் பற்றிய கதை அது. பக்கத்தைத் திறந்தால், வெட்டியெடுத்த கறுப்புக் காகித உருவங்கள் எழுந்து நிற்கும். மூடினால் மடங்கிப் படுத்துவிடும். எழுப்புவதும் படுக்க வைப்பதும் வாசகரின் கைதான். சுவரில் தொங்கும் ஓவியத்தைத் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போய்விடலாம். புத்தகத்தில் அந்தத் தப்பித்தல் கிடையாது.

துன்பத்தை அழகுப் பொருளாக்கி விற்பது தகுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அலங்காரம் ஆவணத்தை மீறினால் அந்தப் புத்தகம் தோற்றதுதான். நல்ல காகிதமும் நேர்த்தியான தையலும் அதைக் காப்பாற்றா. ஆனால் கட்டுப்பாடு தெரிந்த கலைஞர்களும் இருக்கிறார்கள். 1781-இல் சாங் என்ற கப்பலிலிருந்து 130-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடலில் எறிந்தார்கள்; கப்பலின் உரிமையாளர்கள் தலைக்கு 30 பவுண்டு வீதம் காப்பீடு கேட்டார்கள். கப்பலின் நாட்பதிவேடு காணாமல் போயிற்று. எஞ்சியது அந்தக் காப்பீட்டு வழக்கின் சுருக்கமான அறிக்கை. கவிஞர் நூர்பேசே பிலிப் அந்த அறிக்கையின் சொற்களையே சிதைத்தும் சிதறவிட்டும் 2008-இல் ஒரு கவிதைநூல் ஆக்கினார். அது அச்சில் வந்த சாதாரண நூல்தான். ஆனாலும் பக்கத்தின் வெற்றிடத்தையே பேச வைக்கும் வேலை அதிலும் நடக்கிறது. ஒரு பகுதியில், மூழ்கியவர்களுக்குத் தாமே பெயர்கள் இட்டு, அவற்றைப் பக்கங்களின் அடியில் வைத்திருக்கிறார். எனக்கு அதில் அழகுபடுத்தல் எதுவும் தெரியவில்லை.

சில பிரதிகளே செய்து, நூலகத்தின் அரிய நூல் பகுதியில் பூட்டி வைத்தால் யாருக்குப் பயன் என்பது அடுத்த கேள்வி. ஆயிரக்கணக்கில் அச்சிடுவதன் வலிமையை நான் மறுக்கவில்லை. புரூக்ஸ் என்ற கப்பலில் அடிமைகளை அடுக்கி வைத்திருந்த விதத்தைக் காட்டும் படம் 1789-இல் இங்கிலாந்தெங்கும் பரவியது; 1807-இல் அந்நாடு அடிமை வணிகத்தைத் தடை செய்ததில் அதற்கும் பங்குண்டு. ஆனால் அந்தப் படத்தைக் கூர்ந்து பாருங்கள். நூற்றுக்கணக்கான உருவங்கள், ஒரே அச்சில், வரிசை வரிசையாக. எதிர்ப்பவர்கள் போட்ட படத்திலும் அவர்கள் எண்ணிக்கையாகவே கிடக்கிறார்கள். அந்தக் குறையை நிறைவு செய்யத்தான் ஒவ்வொரு பக்கமாக, பொறுமையாகச் செய்யும் புத்தகம் வேண்டியிருக்கிறது. மலிவு விலைக்கும் கைவேலைக்கும் பகை இல்லை என்பதற்கு ஏமஸ் கென்னடி சான்று. கணினி வேலையை விட்டுவிட்டு எழுத்துகளைக் கையால் கோத்து அச்சிடும் இந்தக் கறுப்பினக் கலைஞர், சாதாரண மக்கள் வாங்கும் விலையில் சுவரொட்டிகளை விற்கிறார்.

இதெல்லாம் எங்கோ நடந்த கதை என்று நாமும் ஒதுங்க முடியாது. 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பஞ்சத்தில் அடிபட்ட மக்களை அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றியது. அதற்கு வெகு காலம் முன்பே, கோயிலுக்குத் தம்மை விற்றுக்கொண்டவர்களைச் சோழர் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆளை விற்று எழுதிய ஆளோலைகளும் நம்மிடம் உண்டு. ஆ. சிவசுப்பிரமணியன் ‘தமிழகத்தில் அடிமைமுறை’ என்ற நூலில் இவற்றை விரிவாகப் பேசியிருக்கிறார். ஓலையை வாரி, எழுத்தாணியால் கீறி, மை தடவி, கயிற்றில் கோத்த கைவேலை மரபு நம்முடையது. அந்த மரபைக் கற்கும் நம் இளம் கலைஞர்கள் திருக்குறளையும் சித்த மருத்துவத்தையும் ஓலையில் எழுதிக் காட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. ஆளோலைகளையும் எடுத்துப் படிக்க வேண்டும். அவற்றில் விலைபோனவர்களுக்காக ஒரு புத்தகம் செய்ய வேண்டும்.