ஐந்து நோய், 12 மருந்து: ஆய்வுகள் யாருக்காக?

சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி, இதயக் கோளாறு எனப் பல நோய்களை ஒரே உடம்பில் சுமப்பவர்கள் எத்தனை பேர்? ஸ்காட்லாந்தில் சுமார் 17.5 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை அலசிய ஆய்வு ஒன்று 2012-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. அவர்களில் 23 சதவிகிதம் பேருக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாள்பட்ட நோய்கள் இருந்தன. ஏழ்மை மிகுந்த பகுதிகளில் இந்த நிலை 10 முதல் 15 ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது.

இவர்களுக்கு எழுதித் தரப்படும் மருந்துகளுக்கான ஆதாரமோ, பெரும்பாலும் இவர்களைப் போன்றவர்களை ஒதுக்கிவிட்டு நடந்த ஆய்வுகளிலிருந்து வருகிறது. முன்னணி மருத்துவ இதழ்களில் 1994 முதல் 2006 வரை வெளியான 283 ஆய்வுகளை கனடா மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். அவற்றில் 81 சதவிகித ஆய்வுகள், பரவலாகக் காணப்படும் வேறு நோய்களைக் காரணம் காட்டி ஆட்களை விலக்கியிருந்தன.

வேறு நோய் குறுக்கிட்டால் மருந்தின் பலனைத் துல்லியமாக அளப்பது கடினம் என்பது ஆய்வாளர்கள் தரப்பு நியாயம். அதற்கான விலையைக் கொடுப்பது நோயாளிகள்.

ஒரு மருந்து, இரண்டு முடிவுகள்

கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 1,663 பேரிடம் நடந்த ‘ரேல்ஸ்’ ஆய்வு 1999-ல் வெளியானது. வழக்கமான மருந்துகளுடன் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தபோது, மரண அபாயம் 30 சதவிகிதம் குறைந்தது. மருத்துவ உலகம் மகிழ்ந்தது; மகிழ வேண்டிய செய்திதான்.

ஆனால், இந்த மாத்திரை ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டும். இதய நோயாளிகள் ஏற்கெனவே சாப்பிடும் சில மருந்துகளும் அதையே செய்யும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கி, இதயத் துடிப்பையே நிறுத்திவிடலாம். அதனால்தான், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 2.5 மில்லிகிராமைத் தாண்டியவர்களை ‘ரேல்ஸ்’ சேர்க்கவில்லை. சேர்த்தவர்களுக்கும் தவறாமல் ரத்தப் பரிசோதனை செய்தார்கள்.

ஆய்வுக்கு வெளியே அந்தக் கவனம் எல்லா இடங்களிலும் இருக்கவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெற்றுவந்த முதியவர்களில் பொட்டாசியம் கூடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994-ல் ஆயிரத்துக்கு 2.4 பேர். ‘ரேல்ஸ்’ வெளியான பிறகு இந்த மாத்திரையின் பயன்பாடு பெருக, 2001-ல் அது 11 பேராக உயர்ந்தது. அதனால் நேர்ந்த மரணங்களும் கூடின.

ஸ்காட்லாந்தின் டேசைடு பகுதியிலும் இதே மருந்தின் பயன்பாடு வேகமாக உயர்ந்தது. அங்கே ரத்தப் பரிசோதனைகளும் கூடவே அதிகரித்தன. பொட்டாசியம் பிரச்னையால் மருத்துவமனையில் சேர்பவர்கள் அதிகரிக்கவில்லை என்று 2010-ல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து ஒன்றுதான், வித்தியாசம் கண்காணிப்பில் இருந்திருக்கலாம்.

கூட்டினால் வரும் குழப்பம்

இன்னொரு சிக்கல், ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியாக எழுதப்படும் சிகிச்சை வழிகாட்டிகள். அமெரிக்க மருத்துவர் சிந்தியா பாய்டும் சக ஆய்வாளர்களும் 2005-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம், மூட்டுவாதம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஆகிய ஐந்தும் உள்ள 79 வயதுப் பெண்மணி ஒருவரைக் கற்பனை செய்தார்கள். எல்லா வழிகாட்டிகளையும் பின்பற்றினால், அவர் 12 மருந்துகளை, நாளொன்றுக்கு 19 டோஸ்களாக, ஐந்து வேளைகளில் பிரித்துச் சாப்பிட வேண்டும். செலவு மாதம் 406 டாலர். தனித்தனியே பார்த்தால் எல்லாம் சரி. ஒன்றாகச் சேர்த்தால், ஒரு மனுஷியால் தாங்கக்கூடிய வாழ்க்கையா அது?

இதை உணர்ந்து, சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2016-ல் பல நோய் உள்ளவர்களுக்கெனத் தனி வழிகாட்டி வெளியிட்டது. நோயாளிக்கு எது முக்கியம் என்று கேளுங்கள், சிகிச்சையே சுமையாகிறதா என்று பாருங்கள், தேவையற்ற மருந்துகளைக் குறையுங்கள் என்கிறது அது.

என்ன செய்ய வேண்டும்?

நோயாளிகளே, குடும்பத்தினரே, எந்த மருத்துவரிடம் போனாலும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் காட்டுங்கள். ‘இது என் மற்ற நோய்களைப் பாதிக்குமா? எப்போது ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்?’ என்று தயங்காமல் கேளுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஆய்வு நடத்துபவர்களுக்கும் அனுமதி தருபவர்களுக்கும் பெரிய கடமை உண்டு. ஒரு மருந்தை அதிகம் சாப்பிடப்போவது யாரோ, அவர்கள் அந்த ஆய்வில் இருக்க வேண்டும். விலக்குவதானால், அதற்கான காரணத்தையும், அவர்களுக்கு அந்த மருந்தைத் தரும்போது எதைக் கண்காணிக்க வேண்டும் என்பதையும் வெளிப்படையாக எழுத வேண்டும். பல நோய்களோடு வாழ்பவர்கள் மருத்துவத்தின் விதிவிலக்குகள் அல்லர். அதன் முதன்மைப் பயனாளிகள்.