செஞ்சியில் பனி பெய்திருந்தால்!

மார்கழிப் பனிக்கே தலையில் துண்டைச் சுற்றிக்கொள்கிறவர்கள் நாம். அமெரிக்காவில் குளிர்காலப் புயல் அடித்து, வாசற்கதவைத் திறக்க முடியாதபடி வெண்பனி குவிந்தது என்று படித்தால், "நல்ல வேளை, நமக்கு அந்தத் தொல்லை இல்லை!" என்று தோன்றுகிறதல்லவா?

அவசரப்படாதீர்கள், சகோதரி! ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் பிறப்பதும் குளிர்காலப் புயல்தான். பிறக்கும் விதம் மட்டும் வேறு. அங்கே குளிர்ந்த காற்றும் வெப்பக் காற்றும் மோதிப் புயலாகின்றன. இங்கே வெதுவெதுப்பான கடல்நீர் ஆவியாகி மேலே போய் மேகமாகிறது. அப்போது வெளிப்படும் வெப்பமே புயலுக்கு ஆகாரம்.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலைப் பாருங்கள். காற்று மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர் வேகந்தான். புயல்களில் இது சாது என்றே சொல்லலாம். ஆனால் வந்த விருந்தாளி கிளம்பவில்லை! கரையேறியும் நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்று, கடலின் ஈரத்தை இறைத்து இறைத்து ஒரே இடத்தில் கொட்டியது. செஞ்சிக்குத் தென்கிழக்கே, முருகன் கோயில் கொண்ட மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. அதாவது 20 அங்குலம். ஓர் அங்குல மழை, பனியாக விழுந்தால் சுமார் 10 அங்குலம் குவியும் என்பது கணக்கு. அப்படியானால் 16 அடிப் பனி! மாடி வீட்டுக்காரர்கள்தான் எட்டிப் பார்த்திருக்க முடியும்.

பனியாவது விழுந்த இடத்தில் கிடக்கும். மழை நீர் கிடக்குமா? செஞ்சியில் ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் மொட்டைப் பாறைகள். விழுந்த நீர் உறிஞ்சப்படாமல் உருண்டோடி வரும். கோட்டைக்குள் செட்டிகுளம், சக்கரகுளம் எல்லாம் வெட்டி வைத்தார்களே, பழைய ராஜாக்களுக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்திருக்கிறது. மிஞ்சிய நீர் செஞ்சி மலைகளில் பிறக்கும் சங்கராபரணி ஆற்றோடு வீடூர் அணைக்குப் போகிறது.

காற்று ஓய்ந்ததும் நாம் என்ன செய்கிறோம்? ஜன்னலைத் திறந்து, ஈரத் துணியை மாடியில் உலர்த்தப் போய்விடுகிறோம். அந்த வருஷம் விழுப்புரம் ஜில்லாவில் வெள்ளம் முற்றியதே அதற்கு அப்புறந்தான். டிசம்பர் 1ஆம் தேதியே புயல் வலுவிழந்துவிட்டது. ஆனால் 2ஆம் தேதி, விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி ஓடியது. சென்னையிலிருந்து தெற்கே போகவேண்டிய ரயில்கள் போகவில்லை.