முன்சக்கரம் நடுங்குவதேன்?

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் வைகறைப் பொழுதில் நின்று பார்த்தவர்களுக்கு, தோவாளைப் பூவும் நாகர்கோவில் வாழைக்காயும் எவ்வழியாக அந்நகருக்கு வந்து சேர்கின்றன என்பது நன்கு தெரிந்திருக்கும். களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், கரமனை எனச் சுமார் 70 கிலோமீட்டர் ஓடி வரும் சிறு சரக்கு வண்டிகளே அவற்றைச் சுமந்து வருகின்றன. ‘பிக்கப்’ என்று தமிழரும் மலையாளிகளும் ஒருங்கே அழைக்கும் இவ்வண்டியே, அந்நகரில் குடியேறிய நம்மவர் பலருக்குப் பிழைப்புக்கு ஆதாரம்.

என் நண்பர் ஒருவரும் அத்தகையவரே. மழைக்காலத்துக் குழிகளுக்கு அஞ்சியும், சிறிது அழகுக்காகவும், தம் வண்டிக்கு அளவிற் பெரிய டயர்களை அவர் மாட்டினார். இரண்டு மாதம் கழித்து, ஒரு நாள் விடியற்காலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லுகையில், முன்சக்கரம் ஒரு சிறு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவ்வளவுதான். ஸ்டீயரிங் அவர் கையைப் பறித்துக்கொண்டு இடமும் வலமுமாக அடித்தது. வண்டி முழுவதும் குலுங்கிற்று. ஏறக்குறைய நின்றுவிடும் அளவுக்கு வேகம் குறைந்த பின்னரே நடுக்கம் ஓய்ந்தது.

பட்டறையில் நிகழ்ந்ததைக் கேட்டால் நகைப்பு வரும். வண்டியை ஓட்டிப் பார்த்த மெக்கானிக், ‘விறயல் உண்டு’ என்றார். நம் மொழியில் விறைப்பு என்றால் இறுக்கம். மலையாளத்தில் விறயல் என்றால் நடுக்கம். ‘இறுக்கம் இல்லை ஐயா, தளர்ச்சிதான்’ என்று நண்பர் வாதிட, அரை மணி நேரம் வீணாயிற்று. இறுதியில் ஸ்டீயரிங் டாம்பர் என்னும் அதிர்வு தாங்கியை மாற்றி அனுப்பினார்கள். ஒரு திங்கள் அமைதி; பின்னர் பழைய கதையே.

இந்நோய் புதியதன்று. 1923-இல் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம், அகன்று பருத்து, குறைந்த காற்றழுத்தத்தில் ஓடும் ‘பலூன் டயர்’களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பயணம் மெத்தென்றிருந்தது; ஆனால் அக்காலத்துக் கார்களின் முன்சக்கரங்கள் நடுங்கத் தொடங்கின. இரு சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சு பிணைத்திருந்தமையால், ஒன்றின் ஆட்டம் மற்றதைத் தொற்றியது. பொறியியலார் பல்லாண்டு இதனோடு மல்லாடினார்கள். 1934-ஆம் ஆண்டுக் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் தனித்தனியே தொங்கவிடும் அமைப்பைப் புகுத்தியதற்கு இந்நடுக்கமும் ஒரு காரணம். ஆயினும் பாரம் தாங்கும் வண்டிகளிற் பலவும், பழைய ஜீப்புகளும் பட்டை ஸ்பிரிங்கின் மேல் ஒற்றை அச்சையே இன்றும் கொண்டிருக்கின்றன. அவற்றில் பெரிய டயரை மாட்டுபவர், நூறாண்டுக்கு முந்தைய அந்தச் சங்கடத்தைத் தாமே விலை கொடுத்து வாங்குகின்றார்.

நடுக்கம் எப்பொழுது வருகிறது என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் வருமாயின், குற்றம் பிரேக் டிஸ்கிலோ டிரம்மிலோ இருக்கக்கூடும். 70, 80 என்று ஒரு வேகத்தில் தோன்றி, அதைக் கடந்ததும் மறையுமாயின், சக்கரத்தின் எடைச் சமநிலையைச் சந்தேகிக்கலாம். பதினைந்து அங்குல ரிம்மின் விளிம்பில் 50 கிராம் எடை மிகுந்திருப்பதாகக் கொள்வோம். வழக்கமான டயருடன் 80 கிலோமீட்டர் வேகத்தில் அச்சக்கரம் நொடிக்குப் பத்து முறை சுழல்கிறது. அச்சிறு எடை ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 4 கிலோ பாரத்தின் விசையோடு அச்சை இழுக்கிறது. பெரிய டயரில் ரப்பர் மிகுதி. எடை ஒருபுறம் கூடிப்போவதற்கான வாய்ப்பும் மிகுதி.

மூன்றாவது வகைதான் என் நண்பர் கண்டது. ஒரு குழி தட்டியதும் தொடங்கி, வேகம் குறையும் வரை ஓயாத பேயாட்டம். இதற்கு டயர் மட்டும் காரணமாவது அரிது. எங்கோ ஒரு மூட்டு தேய்ந்திருக்கிறது; கனத்த சக்கரம் அதைக் காட்டிக் கொடுத்ததோடு, மேலும் தேய்த்தும் விடுகிறது. அகன்ற ரிம்மை மாட்டிச் சக்கரம் வெளியே தள்ளி நிற்குமானால், குழியில் படும் ஒவ்வோர் அடியும் நீண்ட நெம்புகோல் கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்புவது போலாகும்.

தேய்ந்த மூட்டைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆள் இருவர் போதும். வண்டி தரையில் நிற்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இங்கும் அங்கும் சிறிதளவே விரைவாக அசைக்க, மற்றவர் கீழே ஒவ்வொரு மூட்டின் மீதும் விரல் வைத்துப் பார்க்கட்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதித்தால் அம்மூட்டே குற்றவாளி. அடுத்து ஜாக்கியால் சக்கரத்தை உயர்த்தி, வண்டிக்கு வேறு முட்டும் கொடுத்து, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டவேண்டும். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்கோ கிங் பின்னோ தேய்ந்திருக்கும். இரண்டில் எது? உதவியாளரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள்; ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நில்லாவிட்டால் கிங் பின். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால் டை ராட் முனைகளை நோக்க வேண்டும். ஸ்பிரிங் பட்டையின் புஷ்களையும், அச்சைப் பட்டையோடு இறுக்கும் யு போல்ட்டுகளையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வண்டியை உயர்த்தியிருந்தால் இன்னொன்று உண்டு. சைக்கிளின் முன்கவட்டை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதை யாவரும் கண்டிருப்பர்; கையை விட்டாலும் சக்கரம் நேரே ஓடுவதற்கு அச்சாய்வும் துணை செய்கிறது. கிங் பின்னுக்கும் அத்தகைய சாய்வு உண்டு. அதனைக் காஸ்டர் என்பர். பட்டையின் ஒரு முனையில் நீண்ட ஷேக்கிளை மாட்டி வண்டியைத் தூக்கினால் அச்சே சிறிது திரும்பிக் காஸ்டர் மாறிவிடும்.

இவற்றையெல்லாம் பாராமல் டாம்பரை மட்டும் மாற்றுவது, காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி இடுவது போன்றது. டாம்பர் ஆட்டத்தை அடக்கும், தேய்மானத்தை ஆற்றாது.

நடுக்கம் பிடித்த அக்கணத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தல் ஆகாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கோடு மல்லுக்கு நில்லாமல் உறுதியாகப் பற்றி, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து ஓரம் கட்ட வேண்டும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை உருமாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. வேகமானியும் பொய் சொல்லும். 215/75 ஆர் 15 அளவுள்ள டயருக்குப் பதிலாக 31 அங்குல விட்டமுள்ளதை மாட்டினால், முள் 60 காட்டும்போது வண்டி 67-இல் ஓடிக்கொண்டிருக்கும்.

நண்பரின் வண்டியில் இறுதியில் அகப்பட்டவை இரண்டு: ஒரு டை ராட் முனையும், இடப்பக்கத்துக் கிங் பின் புஷ்ஷும். முந்தைய அளவு டயர்களையே மீண்டும் மாட்டி, எடைச் சமநிலையும் அலைன்மெண்டும் பார்த்தார்கள். பூமூட்டைகளோடு அதே வழியில், அதே வேகத்தில் நானும் அவரோடு அமர்ந்து ஒருமுறை வந்தேன். பாலராமபுரத்துக்கு அருகே அந்தப் பள்ளம் இன்னும் மூடப்படாமல்தான் இருந்தது. வண்டி அதில் ஒருமுறை துள்ளிற்று, ஸ்டீயரிங் அசையவில்லை.