மெனு கேட்டால் இட்லி வருது!

ஹாஸ்டல் பக்கத்தை க்ளிக் பண்ணினால், மேலே 'ஹோம், கோர்ஸ், கான்டாக்ட்' என்று பட்டன்கள் வரிசை கட்டி நிற்க வேண்டும். அதற்குப் பதிலாக 'திங்கள் - இட்லி, சாம்பார். செவ்வாய் - பொங்கல், சட்னி' என்று ஓடினால் எப்படி இருக்கும்? பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வரும். அதுவே நீங்கள் செய்து கொடுத்த வெப்சைட்டாக இருந்து, முதுகுக்குப் பின்னால் ஹெச்.ஓ.டி. நின்றுகொண்டிருந்தால்?

வைரஸும் இல்லை, ஹேக்கரும் இல்லை பாஸ். ஹெடர் ஃபைலில் ஒரே ஒரு பி.ஹெச்.பி. வரி, 'மெனு ஃபைலைக் கொண்டு வா' என்று சொல்லியிருந்தது. எந்த ஃபோல்டரில் இருக்கும் மெனு என்று சொல்லவில்லை. ஹாஸ்டல் ஃபோல்டரில் மெஸ் சாப்பாட்டு லிஸ்ட்டுக்கும் அதே பெயரில் ஒரு ஃபைல் இருந்தது. பி.ஹெச்.பி. கைக்குச் சிக்கியதை எடுத்து ஒட்டிவிட்டது. அவ்வளவுதான் மேட்டர்!

சிம்போசியத்துக்கு ஒரு சைட், மாமா கடைக்கு ஒரு சைட் என்று நம்மில் பல பேர் முதன்முதலில் கை வைப்பது பி.ஹெச்.பி.யில்தான். ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் 1994-ல் தன் சொந்த ஹோம் பேஜுக்காக எழுத ஆரம்பித்து, 1995-ல் ஊருக்கே எடுத்துவிட்ட சமாசாரம் இது. வேர்ட்பிரஸ், விக்கிபீடியா இரண்டும் ஓடுவது இதில்தான். லேங்குவேஜ் ஈஸி. ஆனால், ஃபைல் எங்கே இருக்கிறது என்று வழி சொல்லுகிற விஷயத்தில் மட்டும் நம்மைச் சுற்றலில் விட்டுவிடும். (கோடிங் வரிகளை இங்கே தமிழிலேயே படித்துக் காட்டுகிறேன். டைப் அடிக்கும்போது வழக்கம்போல இங்கிலீஷில் அடித்துக்கொள்ளுங்கள், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது!)

எதுக்கு இன்க்ளூட்?

40 பக்கம் உள்ள சைட்டில் ஹெடரை 40 தடவை காப்பி - பேஸ்ட் பண்ணலாம். ஆபீஸ் போன் நம்பர் மாறினால் 40 இடத்தில் மாற்ற வேண்டும். 39-ல் மாற்றிவிட்டு ஒன்றை மறப்போம், அந்த ஒன்றைத்தான் பிரின்ஸிபால் பார்ப்பார். அதனால் ஹெடர், ஃபூட்டர், மெனு, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் கான்ஃபிக் எல்லாவற்றையும் 'காமன்' என்று ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் 'இன்க்ளூட்' என்று ஒரு வரி எழுதிக் கூப்பிட்டுக்கொள்கிறோம். இதுவரைக்கும் எல்லோரும் பாஸ் மார்க். சைட் வளர்ந்து, ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வந்ததும்தான் கச்சேரி ஆரம்பம்.

புது ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, "அண்ணே, போஸ்ட் ஆபீஸ் எங்க இருக்கு?"னு கேட்டுப் பாருங்கள். "நேரா போய், டீக்கடை தாண்டி லெஃப்ட்டு தம்பி" என்பார். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவனுக்கு அந்த வழி கரெக்ட். அதையே அப்படியே மெசேஜாக டைப் பண்ணி, ரயில்வே ஸ்டேஷனில் நிற்கிற ஃப்ரெண்டுக்கு அனுப்பினால், அவன் வேறு ஏதோ டீக்கடையைத் தாண்டி வேறு எங்கேயோ போய் நிற்பான். ரிலேட்டிவ் பாத் என்பது இந்த 'டீக்கடை தாண்டி லெஃப்ட்டு'தான். வழியில் தப்பே இல்லை. எங்கே நின்றுகொண்டு நடக்க ஆரம்பிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

'../' என்று இரண்டு புள்ளியும் ஒரு சாய்வுக்கோடும் போட்டால் 'ஒரு ஃபோல்டர் மேலே ஏறு' என்று அர்த்தம். எங்கிருந்து ஏறுவது? நாம் நினைப்பது, இந்த வரி எந்த ஃபைலில் எழுதியிருக்கிறதோ அந்த ஃபைலின் ஃபோல்டரிலிருந்து. பி.ஹெச்.பி. நினைப்பதோ, பிரவுசர் எந்தப் பக்கத்தைக் கேட்டதோ அந்தப் பக்கம் இருக்கிற ஃபோல்டரிலிருந்து! ஃபர்ஸ்ட் இயரில் ஜி.சி.சி. கம்பைலரில் சி புரோகிராம் போட்டுப் பழகிய கைக்கு இது இன்னும் குழப்பும். அங்கே டபுள் கோட்ஸுக்குள் ஹெடர் பெயர் கொடுத்தால், அதைக் கூப்பிடுகிற ஃபைலின் ஃபோல்டரில்தான் முதலில் தேடும்.

உதாரணம் பார்க்கலாம். காமன் ஃபோல்டரில் இருக்கும் ஹெடர் ஃபைலுக்குள் 'இன்க்ளூட் ../காமன்/மெனு' என்று எழுதியாச்சு. ஈவென்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கிற பக்கத்தைத் திறந்தால் அங்கிருந்து ஒரு படி ஏறி, காமனுக்குள் போய் மெனுவை எடுத்து வந்துவிடும். சூப்பர்! ஹோம் பேஜைத் திறந்தால்? அது ஏற்கெனவே உச்சியில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு படி ஏறினால் சைட்டை விட்டே வெளியே போய்விடும். வார்னிங். ஈவென்ட்ஸுக்குள் டெக்னிக்கல் என்று இன்னொரு ஃபோல்டர் போட்டு அதிலிருந்து திறந்தால்? ஒரு படி ஏறினால் ஈவென்ட்ஸில்தான் நிற்கும், அங்கே காமன் கிடையாது. மறுபடியும் வார்னிங். ஒரே ஹெடர், ஒரே வரி, மூன்று பக்கத்தில் மூன்று கதை. 'என் மெஷின்ல ஓடுச்சே மச்சி' என்று லேபில் அழுகிற பாதிப் பேர் கதை இதுதான்.

புள்ளியே வைக்காமல் வெறும் 'இன்க்ளூட் மெனு' என்று எழுதினால் ரூல் வேறு. 'இன்க்ளூட் பாத்' என்று ஒரு செட்டிங் இருக்கிறது. அதில் சொல்லியிருக்கும் ஃபோல்டர்களில் முதலில் தேடும். அந்த லிஸ்ட்டில் வழக்கமாக முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது ஒற்றைப் புள்ளி. அதாவது, 'இப்போது நிற்கிற ஃபோல்டர்'. லிஸ்ட் முழுக்கத் தேடியும் கிடைக்காவிட்டால்தான், அந்த வரியை எழுதிய ஃபைலின் ஃபோல்டருக்கு வரும். அதனால் பல நாள் எல்லாப் பக்கமும் ஒழுங்காக ஓடும். ஹாஸ்டல் ஃபோல்டரில் எவனோ ஒருத்தன் மெஸ் லிஸ்ட்டுக்கு மெனு என்று பெயர் வைக்கிற நாளில் இட்லி ஹெடரில் ஏறும். எரர் இல்லை, வார்னிங் இல்லை... ஏனென்றால் பி.ஹெச்.பி.யைப் பொறுத்தவரை, கேட்ட ஃபைல் கிடைத்துவிட்டது!

அண்டர்ஸ்கோர் அண்ணன்

மருந்து ஒரே வார்த்தை. முன்னால் இரண்டு அண்டர்ஸ்கோர், பின்னால் இரண்டு அண்டர்ஸ்கோர், நடுவில் கேப்பிட்டலில் டி, ஐ, ஆர். __டிஐஆர்__! இது எந்த ஃபைலில் எழுதியிருக்கிறதோ, அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரின் முழு அட்ரஸைக் கொடுக்கும். பிரவுசர் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மாறாது. ஹெடருக்குள் 'ரிக்வயர் __டிஐஆர்__ . "/மெனு"' என்று எழுதினால், காமனில் இருக்கும் மெனுதான் வரும். வேறு எந்த மெனுவும் வர முடியாது. நடுவில் இருக்கும் சாய்வுக்கோட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். விட்டால் 'காமன்மெனு' என்று ஒட்டிப்போய், இல்லாத ஃபைலைத் தேடும்.

2009-ல் வந்த பி.ஹெச்.பி. 5.3-ல்தான் இது அறிமுகம். அதற்கு முன்னால் 'டிர்நேம்' ஃபங்ஷனுக்குள் '__ஃபைல்__' போட்டு இதே வேலையைச் செய்தார்கள். பழைய கோடைத் திறந்தால் இன்னும் அதைப் பார்க்கலாம், பயப்பட வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

ஃபோல்டர் ஆழமாகப் போகும்போது '/../../../' என்று ஏணி கட்டிக்கொண்டே போனால் கண் கட்டும். அதற்கு வேர்ட்பிரஸ்காரர்கள் செய்கிற டெக்னிக்கை அப்படியே சுடலாம். அவர்களுடைய கான்ஃபிக் ஃபைல் சைட்டின் உச்சி ஃபோல்டரில் இருக்கும். அதில் 'ஆப்ஸ்பாத்' என்று ஒரு கான்ஸ்டன்ட்டை __டிஐஆர்__ வைத்தே டிக்ளேர் பண்ணிவிடுகிறார்கள். மற்ற ஃபைல்கள் எல்லாம் 'ஆப்ஸ்பாத்திலிருந்து இந்த ஃபைல்' என்று கூப்பிடுகின்றன. நம்ம டிபார்ட்மென்ட் சைட்டுக்கும் 'ரூட்' என்று ஒன்றை வைத்துக்கொண்டால் போதும்.

சில பேர் 'டாக்குமென்ட் ரூட்' என்கிற சர்வர் வேரியபிளைப் பிடித்துத் தொங்குவார்கள். அது எனக்குப் பிடிக்காத வழி. லேப்டாப்பில் லோக்கல் ஹோஸ்ட்டுக்குக் கீழே 'டிபார்ட்மென்ட்' என்று ஒரு சப்-ஃபோல்டரில் சைட்டை வைத்திருந்தால், அது ஒரு படி மேலேயே நின்றுவிடும். ராத்திரி 12 மணிக்குத் தானாக ரிமைண்டர் மெயில் அனுப்ப கிரான் ஜாப் போட்டால் இன்னும் மோசம். அங்கே பிரவுசரும் இல்லை, வெப் சர்வரும் இல்லை, அந்த வேரியபிளில் நம்பி எடுக்க ஒன்றும் இருக்காது. கமாண்ட் லைனில் ஓடும்போது பி.ஹெச்.பி. ஸ்கிரிப்ட்டின் ஃபோல்டருக்கு நகர்ந்து போவதும் இல்லை, கூப்பிட்ட இடத்திலேயே நிற்கும். பகலில் ஓடுகிற ஸ்கிரிப்ட் ராத்திரியில் படுத்துவிடுவது இதனால்தான்.

போன் நம்பர் போகும்!

இதுவரைக்கும் சொன்னது நம்ம மானம் போகிற மேட்டர். இனிமேல் சொல்லப்போவது அடுத்தவர்கள் போன் நம்பர் போகிற மேட்டர். கொஞ்சம் சீரியஸாகப் படிங்க.

சிம்போசியம் சைட்டில் ரெஜிஸ்டர் பண்ணியவர்களின் பெயர், காலேஜ், மொபைல் நம்பர் எல்லாம் அட்மின் பக்கத்தில் வரும். அந்தப் பக்கத்தின் முதல் வரி, 'இன்க்ளூட் ../காமன்/லாகின்செக்'. லாகின் பண்ணாதவனை வாசலிலேயே திருப்பி அனுப்புவது அந்த ஃபைலின் வேலை. ஒருநாள் அட்மின் பக்கத்தை ஒழுங்குபடுத்துகிறேன் என்று யாரோ 'ரிப்போர்ட்ஸ்' என்ற உள் ஃபோல்டருக்கு மாற்றுகிறார்கள். இப்போது '../' தப்பான இடத்தைக் காட்டுகிறது. லாகின்செக் ஃபைல் கிடைக்கவில்லை.

என்ன ஆகும்? 'இன்க்ளூட்' ரொம்ப நல்ல பையன். ஃபைல் கிடைக்காவிட்டால் ஒரு வார்னிங் மட்டும் கொடுத்துவிட்டு, அடுத்த வரிக்குப் போய்விடுவான். லைவ் சர்வரில் எரர்களை ஸ்கிரீனில் காட்டாதே என்று ஆஃப் பண்ணி வைத்திருப்போம் (அப்படித்தான் வைக்கணும்). ஆகவே, அந்த வார்னிங்கும் கண்ணில் படாது. பக்கம் ஜம்மென்று திறக்கும். வாட்ச்மேன் இல்லாத கேட் மாதிரி, அட்ரஸ் தெரிந்த எவனும் உள்ளே வந்து மொத்த லிஸ்ட்டையும் டவுன்லோட் பண்ணிக்கொண்டு போகலாம். வெளியூரிலிருந்து நம்மை நம்பி நம்பர் கொடுத்த பொண்ணுங்க மொபைல் எல்லாம் அதில் இருக்கிறது.

'ரிக்வயர்' இப்படி இல்லை, கறார் பேர்வழி. ஃபைல் இல்லையா? ஃபேட்டல் எரர். பக்கம் அங்கேயே நின்றுவிடும். வெள்ளை ஸ்கிரீன் அசிங்கம்தான். ஆனால், லிஸ்ட் பத்திரம். லாகின், கான்ஃபிக், டேட்டாபேஸ் என்று எது இல்லாமல் பக்கம் ஓடக்கூடாதோ அதற்கெல்லாம் ரிக்வயர்தான். ஃபங்ஷன்கள் இருக்கிற ஃபைலை இரண்டு முறை கூப்பிட்டுவிடும் வாய்ப்பு இருந்தால் 'ரிக்வயர் ஒன்ஸ்'.

இன்னொரு பழைய வியாதி, கான்ஃபிக் ஃபைலுக்கு '.இன்க்' என்று வால் வைப்பது. பிரவுசரில் அந்த ஃபைலின் அட்ரஸை நேராக அடித்தால், பல சர்வர்கள் அதை பி.ஹெச்.பி. என்றே எடுத்துக்கொள்ளாது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டை டெக்ஸ்ட்டாக அப்படியே காட்டிவிடும். வால் பி.ஹெச்.பி.யாகவே இருக்கட்டும். அதைவிட நல்லது, காமன் ஃபோல்டரையே பப்ளிக் ஃபோல்டருக்கு வெளியே வைத்துவிடுவது. __டிஐஆர்__ இருக்கும்போது அது ஒன்றும் கஷ்டமில்லை. லாராவெல்லில் இப்படித்தான். 'பப்ளிக்' ஃபோல்டர் மட்டும் வெளியே தெரியும், அதிலிருக்கும் முதல் ஃபைல் __டிஐஆர்__ பிடித்து ஒரு படி ஏறி மற்றதை எல்லாம் கூப்பிடும்.

அட்ரஸ் பாரில் 'பேஜ்' என்று வரும் பெயரை அப்படியே இன்க்ளூடுக்குள் போடுவது தற்கொலை முயற்சி. எவனாவது நாலைந்து '../' போட்டு சர்வரின் வேறு ஃபைலை எட்டிப் பார்ப்பான். வெளி சைட்டிலிருந்தே கோடை இழுத்து வந்து ஓட்டுகிற வசதியை 2006-ல் வந்த 5.2-லேயே தனி செட்டிங்காகப் பிரித்து, டீஃபால்ட்டாக ஆஃப் பண்ணிவிட்டார்கள். ஆனால், உள்ளூர் ஃபைலை எட்டிப் பார்ப்பதை அது தடுக்காது. எந்தெந்தப் பக்கம் வரலாம் என்று நாமே ஒரு லிஸ்ட் வைத்து, அதில் இருந்தால் மட்டும் கூப்பிட வேண்டும்.

படம் ஏன் காணோம்?

ஹெடர் வந்தாச்சு, மெனு வந்தாச்சு, லோகோவை மட்டும் காணோம். __டிஐஆர்__ போட்டும் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள். படத்தையும் ஸ்டைல் ஷீட்டையும் தேடுவது பி.ஹெச்.பி. இல்லை, பிரவுசர். அதற்கு இன்க்ளூட் என்றால் என்னவென்றே தெரியாது, அட்ரஸ் பாரில் இருப்பது மட்டும்தான் தெரியும். ஹெடரில் 'இமேஜஸ்/லோகோ' என்று எழுதினால், ஈவென்ட்ஸ் பக்கத்தில் அது 'ஈவென்ட்ஸ்/இமேஜஸ்/லோகோ' என்று போய்க் கேட்கும். __டிஐஆர்__ கொடுத்தால், சர்வர் ஹார்டு டிஸ்க்கின் உள் வழி பேஜ் சோர்ஸில் எல்லோருக்கும் தெரிவதுதான் மிச்சம்.

முன்னால் ஒரு சாய்வுக்கோடு போட்டு '/இமேஜஸ்/லோகோ' என்று கொடுத்தால் டொமைனின் உச்சியிலிருந்து தேடும். லேப்டாப்பில் சைட் சப்-ஃபோல்டரில் இருந்தால் இதுவும் சொதப்பும். அதனால் கான்ஃபிக்கில் ரூட்டுக்குப் பக்கத்திலேயே 'பேஸ் யு.ஆர்.எல்.' என்று இன்னொரு கான்ஸ்டன்ட். லேப்டாப்பில் '/டிபார்ட்மென்ட்', லைவில் காலி. ஃபைலுக்கு ரூட், பிரவுசருக்கு பேஸ் யு.ஆர்.எல்., இரண்டையும் கலக்கக்கூடாது. அப்புறம், விண்டோஸில் கேப்பிட்டல், ஸ்மால் எப்படி எழுதினாலும் ஃபைல் திறக்கும். லைவ் சர்வர் லினக்ஸ் என்றால் ஒரு லெட்டர் மாறினாலும் கைவிரித்துவிடும். எல்லாப் பெயரும் ஸ்மாலில் வைத்தால் நிம்மதி.

எங்கே சிக்கல் என்று புரியாவிட்டால், அந்தப் பக்கத்தில் 'கெட் சிடபிள்யூடி' ஃபங்ஷனையும் __டிஐஆர்__-ஐயும் அடுத்தடுத்த வரியில் எக்கோ பண்ணிப் பாருங்கள். முதலாவது பி.ஹெச்.பி. நிற்கிற இடம், இரண்டாவது ஃபைல் இருக்கிற இடம். 'கெட் இன்க்ளூடட் ஃபைல்ஸ்' போட்டால் யார் யார் உள்ளே வந்திருக்கிறார்கள் என்று முழு அட்ரஸோடு லிஸ்ட் வரும். பார்த்து முடித்ததும் மூன்றையும் அழித்துவிடுங்கள்.

சைட்டை அப்லோட் பண்ணியதும், ஹோம் பேஜை மட்டும் பார்த்துவிட்டு ட்ரீட் கேட்கக் கிளம்பாதீர்கள். இருப்பதிலேயே ஆழமான ஃபோல்டரில் இருக்கும் ஒரு பக்கத்தையும் திறந்து பாருங்கள். பிறகு பிரவுசரில் பிரைவேட் விண்டோ ஒன்றைத் திறந்து, லாகின் பண்ணாமலேயே அட்மின் ஃபோல்டரில் இருக்கும் ஒவ்வொரு பக்கத்தின் அட்ரஸையும் நேராக அடியுங்கள். ஏதாவது ஒரு பக்கம் லாகின் கேட்காமல் திறந்தால், காரணம் அப்புறம் தேடிக்கலாம், முதலில் அந்த ஃபைலை சர்வரிலிருந்து தூக்குங்க!