தன் படத்துக்குத் தானே முதலாளி!

100 கோடி தடவை!

ஒரு பெண்ணின் படங்களை உலகம் 100 கோடி தடவைக்கு மேல் கம்ப்யூட்டரில் இறக்கிப் பார்த்தது. 2000-ம் ஆண்டு டிசம்பர் மாதம் கின்னஸ் சாதனைப் புத்தகத்தார் அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டார்கள். "இன்டர்நெட்டில் மிக அதிகமாக இறக்கப்பட்ட பெண்" என்று பட்டமும் கொடுத்தார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் டேனி ஆஷ். அமெரிக்கர்.

அவர் சினிமா ராணியா? இல்லை. பெரிய பாடகியா? அதுவும் இல்லை. கிளப்புகளில் ஆடை களைந்து ஆடியவர். ஆடை இல்லாமல் படத்துக்கு நின்றவர். 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று விற்கப்படும் வீடியோக்களில் நடித்தவர்.

"ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் படிக்கிற பக்கத்தில் இந்தக் கதை எதற்கு?" என்று கேட்கிறீர்களா? நாம் சொல்லப் போவது பணக் கதை. படத்தில் நிற்பவர் ஒருவர், பணத்தை எடுப்பவர் வேறொருவர் என்று இருந்த தொழிலில், நின்றவரே கல்லாப்பெட்டியில் போய் உட்கார்ந்த கதை.

இன்னொன்று. இப்படிப்பட்ட பெண்ணை 'அவள்' என்று எழுதுவது பத்திரிகை வழக்கம். அவள் படத்தை விற்ற முதலாளியை மட்டும் 'அவர்' என்று எழுதுவார்கள்! இந்தக் கட்டுரையில் டேனி ஆஷ் 'அவர்'தான்.

ஒரு தடவைதான் கூலி

டேனி ஆஷ் 1968-ல் பிறந்தார். பிறந்தது அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள தென் கரோலினாவில். பிழைக்கப் போனது வடமேற்கு மூலையில் உள்ள சியாட்டில் நகரத்தில். அங்கேதான் கிளப்புகளில் ஆடத் தொடங்கினார். பிறகு ஊர் ஊராகப் போய் ஆடினார். பத்திரிகைகளுக்குப் படம் கொடுத்தார். வீடியோவிலும் நடித்தார்.

இந்தத் தொழிலில் கூலி எப்படித் தெரியுமா?

படம் பிடிக்கிறவர் கூப்பிடுவார். பெண் போவார். படம் எடுத்து முடிந்ததும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவார். பேசிய தொகையை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவார். அதோடு அவர் கணக்குத் தீர்ந்தது.

படத்தின் கணக்கு தீராது. பத்திரிகை லட்சக்கணக்கில் விற்கும். ஐந்து வருஷம் கழித்து அதே படம் இன்னொரு பத்திரிகையில் வரும். வீடியோ கடை கடையாகப் போகும். அத்தனைக்கும் பணம் உண்டு. படத்தில் இருக்கும் பெண்ணுக்குத்தான் ஒரு காசு கிடையாது. படத்தின் உரிமை, எடுத்தவருக்கோ எடுக்கச் சொன்னவருக்கோதான். சட்டமும் அப்படித்தான். கையெழுத்துப் போட்ட காகிதமும் அப்படித்தான்.

கரும்பு விற்றவன் ஒரு நாள் கூலியோடு போக, ஆலைக்காரன் வருஷம் முழுவதும் சர்க்கரை விற்பது போல!

இரண்டாவது கொள்ளை

1990-க்குப் பிறகு இன்னொரு வேடிக்கை நடந்தது. கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் பத்திரிகைப் படங்களை எந்திரத்தில் நகல் எடுத்து, டெலிபோன் கம்பி வழியாக ஒருவருக்கொருவர் அனுப்பத் தொடங்கினார்கள்.

'பிளேபாய்' பத்திரிகை சும்மா இருக்கவில்லை. தன் படங்களை இப்படிப் பரப்பிய ஒரு கம்ப்யூட்டர்காரர் மீது வழக்குப் போட்டது. 1993-ல் புளோரிடா கோர்ட்டு பத்திரிகைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

பத்திரிகைக்கு உரிமை இருந்தது, கோர்ட்டுக்குப் போயிற்று. படத்தில் இருந்த பெண்கள் எந்த உரிமையோடு போவார்கள்? முதலில் பத்திரிகைக்காரர் எடுத்தார். பிறகு ஊரெல்லாம் எடுத்தது.

டேனி ஆஷின் படங்களும் அப்படி இன்டர்நெட்டில் சுற்றின. அவர் என்ன செய்தார்? அங்கே பேசிக்கொண்டிருந்த ரசிகர்களோடு தாமும் போய்ப் பேசினார். இன்டர்நெட் எப்படி வேலை செய்கிறது என்று அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். சரக்கு தன்னுடையது. வாங்க ஆள் இருக்கிறது. நடுவே ஒரு கடை மட்டும் இல்லை!

கடற்கரையில் பாடம்

கடை கட்ட ஆட்களை அமர்த்தினார். அவர்கள் கட்டிக் கொடுத்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

விடுமுறைக்குப் பஹாமாஸ் தீவுக்குப் போனார். கையில் எச்.டி.எம்.எல். புத்தகம். இன்டர்நெட் பக்கங்களை எழுதுவதற்கு உள்ள கம்ப்யூட்டர் மொழி அது. எந்த எழுத்து எங்கே வரவேண்டும், படம் எங்கே நிற்கவேண்டும், எதைத் தொட்டால் எந்தப் பக்கம் திறக்கவேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் மொழி.

கடற்கரையில் படுத்து நாவல் படிப்பார்கள். இவர் இதைப் படித்தார். திரும்பி வந்து, தன் பக்கங்களைத் தானே எழுதினார்.

1995 ஜூலையில் கடை திறந்தது. பெயர், 'டேனிஸ் ஹார்டு டிரைவ்'. 'ஹார்டு டிரைவ்' என்றால் கம்ப்யூட்டரின் உள்ளே எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் கிடங்கு. டேனியின் கிடங்கு!

கூட்டம் என்றால் கூட்டம், அப்படி ஒரு கூட்டம்! தாங்க முடியாமல், அதை ஏற்றியிருந்த கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அந்தக் காலத்து இன்டர்நெட் டெலிபோன் கம்பியில் ஊர்ந்து வருவது. ஒரு பெரிய படம் முழுதாக வருவதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம். அப்படியும் ஜனங்கள் காத்திருந்தார்கள்.

அதே 1995 ஜூலையில்தான் 'அமேசான்' என்ற புத்தகக் கடையும் இன்டர்நெட்டில் கதவைத் திறந்தது. இன்று அமேசானைத் தெரியாதவர் இல்லை. ஆனால் அந்தக் கடை முதன்முதலில் லாபம் கண்டது 2001-ம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில்தான். டேனியின் கடை அதற்கு வெகு முன்பே லாபத்தில் ஓடியது.

மாதச் சந்தா

முதலில் படமும் வீடியோவும் விற்றார். பிறகு ஒரு வேலி போட்டார். வேலிக்கு வெளியே கொஞ்சம் இலவசம். உள்ளே வரவேண்டுமானால் மாதச் சந்தா.

இன்றைக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. சினிமா பார்க்க, பாட்டுக் கேட்க, பத்திரிகை படிக்க எல்லாவற்றுக்கும் மாதச் சந்தா கட்டுகிறோம். 1996-ல் நிலைமை வேறு. "இன்டர்நெட் என்றால் இலவசம். யார் காசு கொடுப்பார்கள்?" என்று பெரிய பெரிய பத்திரிகை முதலாளிகளே கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். இங்கே சந்தாதாரர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள்.

1997-ல் நியூயார்க்கின் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' இந்த வியாபாரத்தைப் பற்றி எழுதியது. வங்கிக்காரர்களும் பங்கு வியாபாரிகளும் படிக்கும் பத்திரிகை அது. 2000-ம் ஆண்டு இன்டர்நெட் கம்பெனிகளின் பங்குகள் சரிந்தன. கோடி கோடியாகக் கொட்டிய பணம் கரைந்தது. டேனியின் கம்பெனியோ பல லட்சம் டாலர் வருமானத்தோடு நின்றது. கடனுக்கு வாங்கிய ஆடம்பரம் இல்லை. சந்தா வந்தது, செலவு போனது, மிச்சம் நின்றது.

2016-ல் லண்டனில் 'ஒன்லிஃபேன்ஸ்' என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். படம் கொடுப்பவருக்குச் சந்தாவில் 100-க்கு 80, கம்பெனிக்கு 20. புதிய யோசனை என்று பேசினார்கள். டேனி ஆஷ் 20 வருஷத்துக்கு முன்பே நடந்துபோன பாதை அது.

"நான் வாங்கவே இல்லை!"

இந்த வியாபாரத்தில் ஒரு தலைவலி உண்டு.

கணவன் ராத்திரி ரகசியமாகச் சந்தா கட்டுவான். மாதக் கடைசியில் கிரெடிட் கார்டு கணக்கு வீட்டுக்கு வரும். மனைவி பிரித்துப் பார்ப்பாள். "இது என்ன செலவு?" என்பாள். கணவன் விழிப்பான். "எனக்குத் தெரியாது! யாரோ என் நம்பரைத் திருடிவிட்டான்!" என்பான். உடனே வங்கிக்குப் போன் போடுவான். வங்கி பணத்தைத் திருப்பிப் பிடித்துக்கொள்ளும். நஷ்டம் கடைக்காரருக்கு!

இப்படிப் பணம் திரும்பிப் போவது இந்தத் தொழிலில் மிக அதிகம். 2000-ம் ஆண்டு 'அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்' கார்டு கம்பெனி, இந்தச் சகவாசமே வேண்டாம் என்று விலகிக்கொண்டது. சர்க்கார் சட்டத்தைவிட வங்கியின் கணக்குப் புத்தகத்துக்குத்தான் இந்தத் தொழில் அதிகம் பயப்படுகிறது. 2021-ல் ஒன்லிஃபேன்சும் வங்கிகளைக் காரணம் சொல்லி, ஆபாசப் படங்களை நிறுத்தப் போவதாக அறிவித்தது. ஒரு வாரத்துக்குள் அந்த முடிவைக் கைவிட்டது. அது வேறு கதை.

பிள்ளைகள் பார்த்தால்?

பெற்றோர்கள் கேட்கும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி.

அமெரிக்கக் காங்கிரஸ் 1996-ல் ஒரு சட்டம் போட்டது. பிள்ளைகள் கண்ணில் ஆபாசம் படாமல் தடுக்க வந்த சட்டம். பெரியவர்களின் பேச்சுரிமையையும் அது பறிக்கிறது என்று 1997-ல் சுப்ரீம் கோர்ட்டு அதன் முக்கியப் பகுதியைச் செல்லாது என்றது. 1998-ல் இன்னொரு சட்டம். கிரெடிட் கார்டு நம்பர் கேட்டோ வேறு விதமாகவோ வயதைச் சரிபார்த்த பிறகே உள்ளே விடவேண்டும் என்றது. அதையும் கோர்ட்டுகள் நிறுத்திவைத்தன. பெற்றோர் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே தடுப்பு வைத்துக்கொள்ளலாமே என்பது நீதிபதிகள் சொன்ன காரணங்களில் ஒன்று. 2009-ல் அந்தச் சட்டம் ஒரேயடியாக முடிந்தது.

அந்த இரண்டாவது சட்டத்தின்படி ஒரு கமிஷன் அமைத்தார்கள். 2000-ம் ஆண்டு அதன் முன் சாட்சி சொன்னவர்களில் டேனி ஆஷும் ஒருவர். கிளப்பில் ஆடிய பெண்ணைச் சர்க்கார் கமிஷன் கூப்பிட்டு, "உங்கள் தொழில் எப்படி நடக்கிறது?" என்று கேட்டது! இந்தத் தொழிலை எடுத்துச் சொல்ல அப்போது அவரைவிடப் பொருத்தமானவர் அதிகம் பேர் இல்லை.

அவரும் முதலாளிதான்

ஒன்றை மறைக்கக்கூடாது. தன் படத்தை மட்டும் வைத்து இத்தனை பெரிய கடை நடக்காது. மாதா மாதம் சந்தா கட்டுகிறவன் மாதா மாதம் புதுப்படம் கேட்பான். ஆகவே மற்றப் பெண்களின் படங்களும் அவர் கிடங்குக்குள் வந்தன. ஒருவர் இருவர் அல்ல, ஏராளமான பெண்கள். ஒரு காலத்தில் அவர் நின்ற இடத்தில் அவர்கள் நின்றார்கள். படம் எடுக்கச் சொன்ன முதலாளியின் இடத்தில் அவர் இருந்தார்.

அவர் செய்த தொழிலைப் புகழ நாம் வரவில்லை. அந்தப் பெண்கள் எல்லோரும் கடற்கரையில் புத்தகம் படித்துக் கடை திறந்துவிட முடியாது என்பதையும் மறக்கவில்லை. ஒருவர் மேலே ஏறினார். ஏணி அங்கேயே நின்றது.

பெயரும் போயிற்று

2004-ல் டேனி ஆஷ் ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு 36 வயது.

நல்ல நேரம் பார்த்துத்தான் விலகினார் என்று சொல்லவேண்டும். சில வருஷங்களுக்குள் காசில்லாமல் வீடியோ காட்டும் இன்டர்நெட் கொட்டகைகள் பெருகிவிட்டன. யாரோ எடுத்த படத்தை யாரோ ஏற்றினார்கள். எல்லோரும் இலவசமாகப் பார்த்தார்கள். வேலி போட்டுச் சந்தா வாங்கியவர்கள் திண்டாடினார்கள். 1993-ல் டெலிபோன் கம்பியில் நடந்த அதே கூத்து, ஆயிரம் மடங்கு பெரிதாக!

'பென்ட்ஹவுஸ்' என்று ஒரு பழைய பத்திரிகை. ஆடையில்லாப் படங்கள் போட்டே கொழுத்த பத்திரிகை. இன்டர்நெட் வந்ததும் அதன் விற்பனை படுத்தது. 2003-ல் அதை நடத்திய கம்பெனி திவால் மனுக் கொடுத்தது. பிறகு புது முதலாளிகள் கைக்குப் போய், இன்டர்நெட்டில் பிழைக்க வழி தேடியது.

அந்தப் பென்ட்ஹவுஸ் 2006-ல் டேனியின் கடையை 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. கம்பெனியோடு, 'டேனி' என்ற பெயரில் நடந்த இன்டர்நெட் முகவரியும் கை மாறியது. கிடங்கில் இருந்த படங்களுக்குத் திரும்பவும் ஒரு பத்திரிகைக் கம்பெனி முதலாளி ஆயிற்று.