சர்க்கரை போட்டும் இனிப்பு குறைந்தால்? நானோ மின்காப்புப் புதிரைத் தடவிப் பார்க்கும் ஊசி

பாயசத்தில் இன்னொரு கரண்டி சர்க்கரை போடுறீங்க. ருசி பார்த்தால் முன்பைவிட இனிப்பு குறைந்திருக்கிறது. ‘நாக்குலதான் ஏதோ கோளாறு’ன்னு நினைப்போம். கிட்டத்தட்ட இப்படியொரு முடிவைத்தான் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சாந்தனு சிங்காவும் ஜாய் தாமஸும் 2008-ல் வெளியிட்டார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்டது எபாக்சி பிசின். மின்சாதனங்களில் மின்காப்புக்குப் பயன்படுவது. அதன் மின்காப்பு மாறிலி சுமார் 4. ப்ளஸ் டூ இயற்பியலில் படித்த அதே மாறிலிதான்: மின்புலத்தில் வைத்தால் ஒரு பொருளுக்குள் இருக்கும் மின்னூட்டங்கள் எந்த அளவுக்கு இழுபடும் என்பதற்கான கணக்கு. வெற்றிடத்துக்கு 1, பாலிஎத்திலீனுக்கு 2.3, தண்ணீருக்கு 80. எபாக்சியில், மாறிலி 100-ஐ ஒட்டி இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடை நானோ துகள்களாகக் கொஞ்சம் கலந்தார்கள். கலவையின் மாறிலி கூடியிருக்கணும். குறைந்தது.

ஒரு கிராமுக்குள் ஒரு ஃபிளாட்

சந்தேகம் விழுவது துகளும் பிளாஸ்டிக்கும் ஒட்டும் இடத்தின் மீது. 20 நானோமீட்டர் சிலிக்கா துகள்கள் ஒரு கிராம் எடுத்தால், அவற்றின் மொத்த மேற்பரப்பு 1,400 சதுர அடிக்கு மேல் வரும். 3 பிஎச்கே ஃபிளாட் அளவு! அவ்வளவு பரப்பிலும் ஒட்டி நிற்கும் பாலிமர் சங்கிலிகள் மற்றவை போல அசைய முடியாமல் இறுகிப்போகலாம். இந்த இடைப்படலம்தான் எல்லாவற்றுக்கும் காரணமாக இருக்கும் என்பது பிரிட்டனின் டி.ஜே. லூயிஸ் 1994-லேயே முன்வைத்த யோசனை.

இது வெறும் ஆய்வகப் புதிர் இல்லை. புகளூர் - திருச்சூர் 320 கிலோவோல்ட் டிசி மின்தடம் கேரளத்தில் ஒரு பகுதி நிலத்தடி கேபிளாகப் போகிறது. இந்த வகைக் கேபிள்களில் காப்பாக இருப்பது பாலிஎத்திலீன். டிசி-யில் சிக்கல் என்னன்னா, காப்புக்குள்ளேயே மின்னூட்டம் மெல்ல மெல்லத் தேங்கும். ஓரிடத்தில் அளவு மீறினால் காப்பு பழுதாகும். சரியான நானோ துகள் கலந்தால் தேக்கம் குறைவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஏன் குறைகிறது என்று கேட்டால், பதில் மறுபடியும் அதே இடைப்படலம். அதை யாராவது அளந்தார்களா?

சீப்பும் காகிதத் துணுக்கும்

தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்கும். காகிதத்தில் மின்னூட்டம் இல்லை. சீப்பு அருகே வந்ததும் அதற்குள் இருப்பவை சற்று விலகுகின்றன, அதனால் ஈர்ப்பு. இதே விசையை நானோ அளவில் அளப்பதுதான் மின்விசை நுண்ணோக்கி. 1986-ல் வந்த அணுவிசை நுண்ணோக்கியின் வாரிசு. சீப்புக்குப் பதில் உலோகம் பூசிய ஊசி. முனையின் ஆரம் சில பத்து நானோமீட்டர். ஊசியைத் தாங்கும் மெல்லிய தகடு வளைவதையும் அதிர்வதையும் லேசர் கவனிக்கும்.

ஊசிக்கு ஏசி மின்னழுத்தம் கொடுப்பதில் ஓர் அழகான தந்திரம் இருக்கு. முனை பிளஸ் ஆனாலும் மைனஸ் ஆனாலும் காகித வகை ஈர்ப்பு ஈர்ப்புதான். ஆகவே ஒரு சுழற்சியில் இரண்டு முறை இழுக்கும். பரப்பில் ஏற்கெனவே சிக்கிய மின்னூட்டமோ ஒருமுறை இழுக்கும், ஒருமுறை தள்ளும். இரட்டை அதிர்வெண்ணை மட்டும் பிரித்துக் கேட்டால், கிடைப்பது பொருளின் மின்காப்புத் தன்மை.

ஆனால் ஊசி எளிதில் ஏமாறும். ஒரு சின்ன மேடு, புதைந்த துகளின் ஆழம், தேய்ந்த முனை... எல்லாமே விசையை மாற்றும். அழகான வண்ணப் படத்தில் துகளைச் சுற்றி ஒரு வளையம் தெரிந்தால், அது இடைப்படலமா, ஊசியின் மயக்கமா?

பிரான்ஸின் மோன்பெலியே ஆய்வாளர்கள் இதற்குச் செய்தது பொறுமையான வேலை. விடை முன்பே தெரிந்த மாதிரிகளைத் தாங்களே தயாரித்தார்கள்: பாலிஸ்டைரீன் உருண்டைகள் மீது 50, 100 நானோமீட்டர் தடிமனில் அலுமினா அல்லது சிலிக்கா பூச்சு. 2018-ல் வெளியான முடிவின்படி, எது எந்தப் பூச்சு என்று ஊசியால் பிரித்தறிய முடிந்தது. கணினிக் கணக்கோடு ஒப்பிட்டபோது மாறிலியும் பொருந்தியது. பரபரப்பான செய்தி இல்லை. ஆனால் தராசைச் சோதிக்காமல் எடை சொன்னால் யார் நம்புவது?

அதே 2018-ல் மான்செஸ்டரின் லாரா ஃபுமகாலி குழு, ஒரு நானோமீட்டர் இடுக்கில் அடைபட்ட தண்ணீரை இதே வகை முறையில் அளந்தது. 80 இருக்க வேண்டிய மாறிலி சுமார் 2-க்கு இறங்கியிருந்தது! சுவரை ஒட்டிய மூலக்கூறுகளால் திரும்பவே முடியவில்லை. லூயிஸின் யோசனைக்கு இது தெம்பு தரும் சேதி. என்றாலும் அங்கே இடுக்கின் வடிவம் துல்லியமாகத் தெரியும், மாற்றமும் பிரம்மாண்டம். கேபிள் பிளாஸ்டிக்கில் துகள்கள் தாறுமாறாகப் புதைந்து கிடக்கும். இடைப்படலமோ 50 நானோமீட்டரைவிட மெலிதாக, பக்கத்து பாலிமரிலிருந்து லேசாக மட்டுமே வேறுபட்டதாக இருக்கலாம். அந்தச் சின்ன வித்தியாசத்தைத் துகளின் பலத்த சிக்னலிலிருந்து பிரித்தெடுப்பதுதான் இப்போது ஊசிக்கு முன்னால் இருக்கும் வேலை. அதுவரை எந்தத் துகள், எவ்வளவு, மேலே என்ன பூச்சு என்பதெல்லாம் பெரும்பாலும் கலந்து பார்த்து, சோதித்துப் பார்த்து முடிவாகிறது.